வாள்காரன் எதற்காக வந்தான்

அத்தா,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் எலும்புக் குழம்பு வைப்பது எப்படி என்று தேடிக்கொண்டிருந்தேன். அம்மா வைத்த பக்குவம் எனக்கு இன்னும் கைகூடவில்லை. வரிசையாக வந்த குழம்புச் சட்டிகளுக்கு நடுவில், ஒரு சின்னக் கட்டத்துக்குள், நம் வாள்காரன் நின்றுகொண்டிருந்தான். கறுப்பு வெள்ளைப் படம். இடுப்பில் வாள், கசங்கிய உடுப்பு, யாரையும் நம்பாத அந்த முகம்.

நான் அவனைத் தேடவே இல்லை. நீங்கள் மவுத்தான பிறகு யாரிடமும் அவனைப் பற்றிப் பேசியதும் இல்லை. அவன் எனக்கு வேண்டியவன் என்று டிவிக்கு யார் சொன்னது? எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, சந்தேகம்தான். பக்கத்தில் கிடந்த போனைக் கவிழ்த்து வைத்தேன். நீங்கள் இருந்திருந்தால் எழுந்து டிவியின் பின்பக்கம் போய் ஒயரைத் தடவிப் பார்த்திருப்பீர்கள்.

அந்தப் படம் நம் வீட்டுக்குள் வந்ததே ஒரு சந்தேகத்தோடுதான். நம் தோல் மண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில், சென்னையில் இருந்து வந்த ஏற்றுமதிக்காரரோடு ஒரு ஜப்பான்காரரும் வந்தார். உப்புப் போட்டு அடுக்கிய ஆட்டுத் தோல்களின் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். போகும்போது இடுப்பு வரை குனிந்து உங்களை வணங்கி, இரண்டு கையாலும் ஒரு படத்தட்டை நீட்டினார். நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். ஆனால் கார் தெருமுனை திரும்பியதும் என்னிடம், "சரக்கு எடுக்காதவன் எதுக்குச் சும்மா குடுத்துட்டுப் போறான்? உள்ள என்ன இருக்குன்னு போட்டுப் பாரு" என்றீர்கள்.

உள்ளே இருந்தது ஒரு நாடோடி வாள்வீரனின் கதை. எசமான் இல்லாதவன். ஆற்றங்கரை ஊர் ஒன்றுக்கு நடந்து வருகிறான். ஊரை ஒரு கூட்டம் மிரட்டி வைத்திருக்கிறது. வந்தவனைப் பார்த்து ஊரே கதவைச் சாத்துகிறது. யாரும் கேட்காமலே அவன் அந்தக் கூட்டத்தோடு மோதுகிறான், பனிமூட்டத்தில் ஆற்று மணலில் சண்டை போட்டு ஒழிக்கிறான். ஊர்க்காரர்கள் நீட்டும் கூலியை வாங்காமல், ஆற்றில் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறான். அவ்வளவுதான் படம்.

படத்துக்குக் கீழே ஓடும் இங்கிலீஷை நான் தமிழில் சொல்லச் சொல்ல நீங்கள் கேட்டீர்கள். அதிலும் உங்களுக்கு என்மேல் சந்தேகம். "அவன் அம்புட்டு நேரம் பேசுறான். நீ ரெண்டு வார்த்தையில முடிச்சுட்ட. மிச்சத்தை எங்க வச்ச?"

"அவ்வளவுதான் எழுதியிருக்கு அத்தா."

"எழுதுனவன் ஒளிச்சிருப்பான்."

கடைசிக் காட்சியை மட்டும் நீங்கள் திரும்பத் திரும்பப் போடச் சொல்வீர்கள். கையைக் கழுவிய வாள்காரன் வலது கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு நடப்பான். கையை வெளியே எடுக்கவே மாட்டான். "அந்தக் கைக்குள்ள என்னமோ இருக்கு. கூலி வேணாம்னு சொல்லிட்டு எதையோ எடுத்துட்டுப் போறான். காரணம் இல்லாம எவனும் எங்கயும் வரமாட்டான்மா." வாள்காரன் நல்லவன் என்று நான் சொல்வேன். அதை எப்படி நம்புவது என்று நீங்கள் கேட்பீர்கள். வருடக்கணக்கில் நமக்குள் இந்த வழக்கு நடந்தது.

தோல் வாங்கி வாங்கி வந்த குணம் அது என்று அம்மா சொல்வார். நீங்கள் ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துக் கத்தி பட்ட ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பவர். மனிதர்களையும் அப்படியேதான் பார்த்தீர்கள். "பள்ளிவாசலுக்குப் போனாக்கூட வலது செருப்பை ஒரு மூலையிலயும் இடது செருப்பை ஒரு மூலையிலயும் கழட்டிப் போடுற மனுசன்" என்று அம்மா சிரிப்பார். உண்மைதான். உங்கள் செருப்பு ஒருநாளும் திருட்டுப் போகவில்லை.

ஆனால் அத்தா, இந்தச் சந்தேகமெல்லாம் வெளியாட்களுக்குத்தான். சொந்தக்காரர்களை நீங்கள் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்ததே இல்லை. எனக்கு வந்த மாப்பிள்ளை பெரியத்தா வீட்டு வழிச் சொந்தம் என்றதும் ஒரு வார்த்தை விசாரிக்காமல் தலையாட்டினீர்கள். அந்தக் கல்யாணம் முறிந்து நான் திண்டுக்கல் பேகம்பூருக்கே திரும்பி வந்து மருந்துக்கடை வைத்தபோது, "அவன் அப்படி இருப்பான்னு யாருக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னீர்கள்.

அம்மாவும் போய், மண்டியும் மூடிய பிறகு வீட்டில் நீங்களும் நானும்தான். வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும், மவுத்தாகிப்போன பெரியத்தாவின் மகன் சாதிக் அண்ணன் வருவார். கையில் பழமோ பிரியாணிப் பொட்டலமோ இருக்கும். உங்கள் காலடியில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிடுவார். "அண்ணன் மகன்னா இப்படி இருக்கணும்" என்று நீங்கள் தெருவுக்கே கேட்கும்படி சொல்வீர்கள்.

அந்தச் சமயத்தில்தான் செந்தில் வந்தார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துபோன நீங்கள் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தீர்கள். கண்ணைத் திறந்தபோது முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் தலையைத் தாங்கிக்கொண்டு குளிர்பானம் நீட்டியிருக்கிறார். அந்த நிலையிலும், "மூடியை என் கண்ணு முன்னாடி திற" என்று கேட்டீர்களாம். அவர் போய் வேறு பாட்டில் வாங்கி வந்து உங்கள் எதிரில் திறந்து கொடுத்திருக்கிறார். ஆட்டோவில் வீடு வரை கொண்டுவந்து விட்டார். நான் ஆட்டோக் காசை நீட்டினேன்.

"இருக்கட்டுங்க. இதுக்கெல்லாம் காசா? பெரியவரப் பாத்துக்கங்க. நான் பாலசமுத்திரமுங்க, தேங்கா யாவாரம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் படியிறங்கியதும் நீங்கள் கட்டிலில் படுத்தபடியே கேட்டீர்கள். "காசு வேணாம்னு சொல்லிட்டானா?"

"ஆமாத்தா."

"அப்ப திரும்ப வருவான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்தார், ஒரு குலை இளநீரோடு. நீங்கள் சிரித்துப் பேசி வாங்கி வைத்துக்கொண்டீர்கள். அவர் போனதும் என்னைக் கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி, "ஊசி குத்தின தடம் ஏதும் இருக்கான்னு பாரு" என்றீர்கள். நான் சிரித்தேன். ஆனால் பார்த்தேன். எனக்கும் உள்ளுக்குள் ஒரு நெருடல் இருந்தது. பாலசமுத்திரத்தில் இருந்து பழனி வந்து பஸ் மாறி, முன்பின் தெரியாத ஒரு கிழவரைப் பார்க்க ஒருவர் இளநீர் சுமந்து வருவாரா?

அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். அன்றைக்கு நீங்கள் அந்தப் படத்தைப் போடச் சொன்னீர்கள். எனக்குப் புரிந்துவிட்டது, அவரைச் சோதிக்கிறீர்கள் என்று. செந்தில் டிவியைப் பார்த்தார், நீங்கள் செந்திலைப் பார்த்தீர்கள், நான் உங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு கீழே ஓடிய இங்கிலீஷைத் தமிழில் சொன்னேன். பாதிப் படத்தில், அந்தக் கூட்டத்தார் வாள்காரனைச் சுற்றி வளைக்கிற இடத்தில், நிறுத்தச் சொன்னீர்கள்.

"மிச்சம் அடுத்த வாரம் பாப்போம் தம்பி. எனக்குக் கண்ணு வலிக்குது."

"ஐயோ, நல்ல கட்டத்துல நிறுத்திப்போட்டீங்களே" என்றார் அவர். முகத்தில் உண்மையான ஏமாற்றம். அவர் போன பிறகு நீங்கள் சொன்னீர்கள்: "படம் பாக்க வந்தவன் படத்தைப் பாப்பான். வேற எதுக்கோ வந்தவன் வீட்டைப் பாப்பான். இவன் படத்தைத்தான் பாத்தான். ஆனா ரெண்டு தடவை சன்னல் பக்கம் திரும்புனான்."

அந்தச் சன்னலுக்கு வெளியே தெரிவது பின்பக்கச் சந்தும் அதைத் தாண்டி நம் பூட்டிக்கிடக்கும் மண்டியும்தான்.

அந்த வாரம் என்னால் கடையில் உட்கார முடியவில்லை. கடைப்பெண்ணிடம் சொல்லிவிட்டு பழனி பஸ் ஏறினேன். அங்கிருந்து பாலசமுத்திரம். டீக்கடையில் இருந்த அம்மாளிடம், தேங்காய் வியாபாரி செந்திலைத் தெரியுமா என்று கேட்டேன்.

"தேங்கா யாவாரமா? அதை உட்டே ரொம்ப நாளாச்சுங்களே. இப்ப இடம் வாங்கி விக்கிறவங்ககூடச் சுத்தறானுங்க. ஏனுங்க, உங்ககிட்ட ஏதாச்சும் அட்வான்ஸ் வாங்கிப்போட்டானா?"

திரும்பும் வழியெல்லாம் எனக்கு உடம்பு கொதித்தது. நம் மண்டி இடத்தைக் கேட்டுப் பல பேர் வந்து போனதும், நீங்கள் எல்லாரையும் வாசலோடு திருப்பி அனுப்பியதும் நினைவுக்கு வந்தன. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினேன். இனிமேல் அவர் படியேறினால் நானே விரட்டுவேன் என்றேன்.

நீங்கள் என்ன செய்தீர்கள் தெரியுமா? நிம்மதியாக மூச்சு விட்டீர்கள். "அப்பாடா, காரணம் இருக்கு. காரணம் இல்லாதவனைக் கண்டாத்தான் எனக்குப் பயம். வரட்டும். அவனே சொல்றானா பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை செந்தில் வந்தார். நான் டீ கூடக் கொடுக்கவில்லை. மிச்சப் படம் ஓடியது. பனிமூட்டச் சண்டை முடிந்தது. வாள்காரன் கூலியைத் தள்ளிவிட்டு, கையைக் கழுவி, சட்டைக்குள் விட்டுக்கொண்டு நடந்தான். நீங்கள் நிறுத்தச் சொல்லிவிட்டு அவரிடம் திரும்பினீர்கள்.

"தம்பி, அந்தக் கைக்குள்ள என்ன வச்சிருக்கான்?"

செந்தில் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். "ஒன்னும் இல்லீங்க. பனி கொட்டுது, பச்சத் தண்ணில கை கழுவியிருக்கானுங்க. குளுருதுன்னு கைய உள்ள வெச்சுக்கிறானுங்க."

திண்டுக்கல் வெயிலில் பிறந்து வளர்ந்த உங்களுக்கும் எனக்கும் அத்தனை வருடத்தில் அது தோன்றவே இல்லை. நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள், இருமல் வரும் வரைக்கும் சிரித்தீர்கள். அம்மா போன பிறகு நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. செந்திலும் காரணம் புரியாமல் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் நீங்கள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் கேட்டீர்கள்.

"சரிப்பா. நீ எதுக்கு வந்த?"

அவர் சிரிப்பு நின்றது. தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "இடத்துக்குத்தானுங்க வந்தேன்" என்றார். "அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுலயும் உங்க பின்னாடிதானுங்க வந்துட்டிருந்தேன், எப்படிப் பேச்சுக் குடுக்கறதுன்னு. நீங்க விழுந்துட்டீங்க. விழுகலைன்னா அன்னிக்கே கேட்டிருப்பேனுங்க. தூக்கின பொறவு வாயி வரலீங்க."

"அப்புறம் எதுக்கு மறுபடி மறுபடி வந்த?"

"இடம் வாங்கற எங்க ஆளு தொரத்திட்டே இருந்தாருங்க. இந்த வாரம் மட்டும்..." என்று இழுத்து, "படம் என்ன ஆச்சுன்னு பாக்கோணும்னும் இருந்துச்சுங்க" என்றார்.

நான் கோபத்தில் எழுந்துவிட்டேன். நீங்கள் கையைக் காட்டி உட்காரச் சொன்னீர்கள். செந்தில் அதோடு நிறுத்தவில்லை.

"இன்னொன்னும் சொல்லிப்போடறேனுங்க. மனசு கேக்கல. நான் கேக்கவே தேவையில்லீங்க. உங்க ஊட்டு ஆளே ஒருத்தர் எங்க ஆளுகிட்ட முடிச்சுத் தாரேன்னு சொல்லிட்டாருங்க. பெரியவருக்குப் புத்தி தடுமாறிருச்சு, நான் சொன்ன எடத்துல கையெழுத்துப் போடுவாருன்னு. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வருவாரே, அவருங்க."

உங்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை அத்தா. நீங்கள் துண்டை மடித்துத் தோளில் போட்டீர்கள். அப்புறம் என்னிடம், "தம்பிக்கு டீ போடும்மா" என்றீர்கள்.

அவர் சொல்வதை நம்புவதா என்று அவர் போனபின் கேட்டேன். நம்மைச் சொந்தத்தோடு மோதவிட்டு இடத்தைத் தட்டிக்கொண்டு போகும் தந்திரமாக இருக்கலாமே? நீங்கள், "இருக்கலாம்" என்றீர்கள். "அதையும் வெள்ளிக்கிழமை பாத்துருவோம்."

அந்த வெள்ளிக்கிழமை சாதிக் அண்ணன் மாதுளம்பழத்தோடு வந்தார். வழக்கம்போல உங்கள் காலை மடியில் தூக்கி வைக்கப் போனார். நீங்கள் காலை இழுத்துக்கொண்டீர்கள்.

"சாதிக், எதுக்கு வந்த?"

"என்ன சின்னத்தா, புதுசா கேக்குறீங்க? சும்மா பாத்துட்டுப் போகத்தான்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"எனக்குப் புத்தி தடுமாறிருச்சாமே. அப்படியா?"

அவர் கை காற்றிலேயே நின்றது. யார் சொன்னது என்று கேட்டிருந்தால்கூட எனக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுக்கத் தோன்றியிருக்கும். அவர் கேட்கவில்லை. வியர்த்தது. கடன் இல்லை, கஷ்டம் இல்லை, கடை பெரிதாக்க ஆசை என்றார். எப்படியும் ஒருநாள் தனக்கு வரப்போகும் பங்குதானே என்றார். "நான் ஒன்னும் அடுத்தவன் சொத்தைக் கேக்கல சின்னத்தா" என்று அழுதார். அதுவும் பொய் இல்லை. மகள் ஒருத்தி மட்டும் என்றால் பாதி எனக்கு, மீதி அண்ணன் மகனுக்கு என்பது நம் மார்க்கச் சட்டம். அவர் காத்திருந்திருந்தாலே போதும். உங்கள் மவுத்து வரைக்கும் காத்திருக்கத்தான் அவருக்குப் பொறுமை இல்லை.

நீங்கள் திட்டவில்லை. "போயிட்டு வா" என்று மட்டும் சொன்னீர்கள்.

அதன் பிறகு நீங்கள் செய்ததை நான் கடைசி வரை எதிர்த்தேன். மண்டி இடத்தை அளந்து, ஒரு பாதியை என் பேருக்கும் மறுபாதியை அவர் பேருக்கும் உயிரோடு இருக்கும்போதே எழுதிவைத்தீர்கள். ஏமாற்ற வந்தவருக்கு இனாமா என்று நான் கத்தினேன். நீங்கள் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

"அவனுக்கு உள்ளத அவனுக்குக் குடுத்தாச்சு. இனிமே இங்க வந்து அவனுக்கு ஆகப்போறது ஒன்னும் இல்ல. அப்பவும் வாரானான்னு பாக்கணும்மா. வாழ்நாள் பூரா வெளியாளையே பாத்துட்டேன்."

சாதிக் அண்ணன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். உங்கள் கையை முத்தமிட்டார். அடுத்த வெள்ளி வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. ஜும்ஆ முடிந்து வந்து நீங்கள் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருப்பீர்கள். தெருவில் பைக் சத்தம் கேட்டால் தலை திரும்பும். நான் சோறு போடவா என்று கேட்டால், "செத்த நேரம் ஆகட்டும்" என்பீர்கள். நான் உள்ளே போய் அழுதுவிட்டு வருவேன். உங்களை அப்படிக் காத்திருக்க வைத்தவர்மேல் எனக்கு இருந்த ஆத்திரத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

செந்தில் மட்டும் எப்போதாவது போன் செய்தார். இடம் வாங்கும் அந்த ஆள் அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டாராம். மறுபடியும் தேங்காய் ஏற்ற ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னார். அதையும் நான் பாதிதான் நம்பினேன்.

மாரி பிடித்த ஒரு வெள்ளிக்கிழமை சாதிக் அண்ணன் வந்தார். கையில் பழம் இல்லை, பொட்டலம் இல்லை. நனைந்துபோய் வாசலில் நின்றார். நான் வழி விடாமல் நின்றேன். உள்ளே இருந்து உங்கள் குரல் வந்தது.

"யாரு?"

"நான்தான் சின்னத்தா."

"எதுக்கு வந்த?"

அவர் முகத்து மழைத்தண்ணீரைத் துடைத்தார். "தெரியல சின்னத்தா" என்றார்.

நீங்கள் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டீர்கள். அவ்வளவுதான். அவர் வந்து உட்கார்ந்தார். காலைப் பிடிக்கவில்லை. மழை விடும் வரை இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நான் சோறு போட்டேன். அன்றைக்கு நீங்கள் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள்.

கொஞ்ச நாளில் நீங்கள் போய்விட்டீர்கள். தூக்கத்திலேயே, யாருக்கும் தொந்தரவு இல்லாமல். அடக்கம் செய்ய மையவாடிக்கு உங்களைத் தூக்கிப் போனபோது முன்வரிசையில் தோள் கொடுத்தவர் சாதிக் அண்ணன். செந்தில் தகவல் தெரிந்து பாலசமுத்திரத்தில் இருந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றிருந்தார் என்று பிறகு சொன்னார்கள். என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார்.

சாதிக் அண்ணன் இன்றைக்கும் வெள்ளிக்கிழமை வருகிறார். நான் எதையும் மறைக்கவில்லை அத்தா, எனக்கு அவர்மேல் இன்னும் சந்தேகம் இருக்கிறது. எனக்குப் பிள்ளை இல்லை. என் பாதிக்காக வருகிறாரோ என்று தோன்றுகிறது. சில நாள் அவர் முகத்தைப் பார்த்தால், உங்கள் கட்டில் இருந்த இடத்தைப் பார்க்கத்தான் வருகிறார் என்றும் தோன்றுகிறது. எது உண்மை என்று எனக்குத் தெரியாது. அவருக்கே தெரியுமா என்பதும் எனக்குத் தெரியாது.

உங்களிடம் இருந்து எனக்கு வந்தது மண்டியில் பாதி மட்டும் இல்லை. மருந்துக்கடையில் ஒருவர் தேவைக்கு மேல் குழைந்து பேசினால் என் கண் தானாகச் சுருங்குகிறது. வீட்டு வாசலில் யார் நின்றாலும் உள்ளே இருந்தபடியே, "எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டுவிடுகிறேன். தெருவில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சாதிக் அண்ணனிடமும் ஒவ்வொரு வெள்ளியும் கேட்கிறேன். அவர் ஒவ்வொரு முறையும், "தெரியலம்மா" என்றுதான் சொல்கிறார்.

கேட்ட பிறகுதான் தாழ்ப்பாளில் கை வைக்கிறேன். ஆனால் கதவைத் திறந்துவிடுகிறேன் அத்தா.

உங்கள் மகள்